சாப்பிட்ட பிறகு சொல்லலாம்

என் தம்பி இறந்துவிட்டான் என்பதை எனக்கு முதலில் சொன்னவள் ஒரு ஜெர்மன்காரி. பாலெர்மோவில், ஒரு ஹோட்டலின் காலைச் சாப்பாட்டு அறையில், நான் ஒரு கையில் தட்டும் மறு கையில் இடுக்கியுமாக ஒலிவ் பழங்களுக்கு முன்னால் நின்றபோது சொன்னாள். எங்களோடு ஒரே பஸ்ஸில் சிசிலித் தீவைச் சுற்ற வந்தவள், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. வந்து என் முழங்கையைப் பிடித்து, "ஹெர்ட்ஸ்லிஷெஸ் பைலைட்" என்றாள். ஆழ்ந்த அனுதாபங்கள்.

நான் ஜெர்மனியில், வுப்பர்டாலில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். இந்தச் சொல்லை அடிக்கடி யாருக்காவது சொல்கிறவள். அதனால் அதன் அர்த்தம் விளங்காமல் இல்லை. எனக்கு எதற்காகச் சொல்கிறாள் என்பதுதான் விளங்கவில்லை. "யாருக்கு?" என்று கேட்டேன். அவளுடைய முகம் வெளிறிப்போனது. திரும்பி என் கணவரைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அவர் மேசையில் இருந்து எனக்காக ரொட்டிக்கு வெண்ணெய் பூசிக்கொண்டிருந்தார்.

கலியாணம் கட்டி இத்தனை வருஷத்தில் அவர் எனக்கு வெண்ணெய் பூசிக் கொடுத்ததே கிடையாது. அந்த ரொட்டியைப் பார்த்த உடனே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

எங்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. சாவுச் செய்தியைச் சாப்பிடாமல் இருக்கிறவருக்குச் சொல்ல மாட்டோம். கேட்டபின் அவர் ஒரு வாய் தண்ணீரும் குடிக்க மாட்டார் என்று தெரியும். அதனால் முதலில் எப்படியாவது நாலு வாய் உள்ளே தள்ளிவிட வேண்டும். கனடாவிலிருந்தோ கொழும்பிலிருந்தோ போன் வரும். "சாப்பிட்டியளோ?" என்று கேட்பார்கள். அது சும்மா விசாரிப்பு. ஆனால் கொஞ்சம் ஊர்க்கதை கதைத்துவிட்டு மறுபடியும் "சாப்பிட்டியளோ?" என்று கேட்டு, கடைசியில் மூன்றாந்தரமும் கேட்டால், யாரோ போய்விட்டார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். நான் வேலை செய்யும் இல்லத்தில் அப்படி இல்லை. ஒருவருக்கு நோய் கடுமை என்றால் அந்த நிமிஷமே பிள்ளைகளுக்குப் போன் போகும். அவர்கள் சாப்பிட்டார்களா, குளித்தார்களா என்று ஒருவரும் கேட்பதில்லை. ஆரம்பத்தில் எனக்கு அது கல்நெஞ்சமாகத் தெரிந்தது. இப்போது அப்படித் தெரியவில்லை.

அந்தப் பயணமே தம்பியுடைய பயணம்தான்.

அவன் ஜெர்மனிக்கு வந்து அகதி முகாமை விட்டு வெளியேறியதும், எல்பர்ஃபெல்டில் ஓர் இத்தாலிய ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவப் போனான். பிறகு மரக்கறி வெட்டினான், பிறகு பீட்சா போட்டான், கடைசியில் அந்தக் குசினியே அவனுடைய கையில் வந்தது. முதலாளி சிசிலிக்காரர். தம்பி அவரை "ஷெஃப்" என்றுதான் கூப்பிடுவான். அவருடைய ஊர்ச் சாப்பாட்டில் ஒன்று அவனை ஆட்டிப் படைத்தது. சார்டீன் மீன் போட்ட பாஸ்டா. "எங்கடை சூடைதான் அக்கா, கொஞ்சம் கொழுத்த சூடை" என்பான். அதற்குள் பெருஞ்சீரகத் தண்டும், நாங்கள் பாயசத்துக்குப் போடுகிற பிளம்ஸும், அதுதான் உலர்ந்த திராட்சை, போடுவார்கள். முதல் நாள் அதைக் கண்டுவிட்டு வந்து, "மீனுக்கை பிளம்ஸ் போடுற சனம், அக்கா. இவங்களோடை எப்பிடிக் காலந்தள்ளுறது?" என்று தலையில் கைவைத்தான். ஒரு வருஷத்துக்குள் அவனே வீட்டில் அதைச் சமைத்து எங்களைச் சாப்பிட வைத்தான். நன்றாகத்தான் இருந்தது. பிளம்ஸ் உட்பட.

ஆனால் முதலாளிக்குத் திருப்தி இல்லை. ஒவ்வொரு தடவையும் முதல் முள்ளுக்கரண்டி அவர் வாய்க்குத்தான் போகும். மென்று, யோசித்து, தலையை மெதுவாக ஆட்டுவார். "நல்லாயிருக்கு. ஆனால் எங்கள் வீட்டு மாதிரி இல்லை." அவர் கெட்ட மனிதர் அல்ல. தம்பியின் கலியாணத்துக்குத் தன் காரைப் பூவால் சோடித்துக் கொண்டுவந்தவர். ஆனால் அந்த ஒரு வசனத்தை அவர் விடவே இல்லை. தம்பியும் அதை விடவில்லை. உப்பைக் கூட்டினான், மீனை மாற்றினான், குங்குமப்பூ போட்டான், ரொட்டித் தூளை வேறு விதமாக வறுத்தான். "நல்லாயிருக்கு. ஆனால்..."

"என்ரை கையிலைதான் ஏதோ பிழை, அக்கா" என்று ஒருநாள் சொன்னான். விளையாட்டாகச் சொன்னதுபோலத்தான் இருந்தது. அவனுடைய முகத்தில் விளையாட்டு இருக்கவில்லை.

பிறகு சிறுநீரகம் பழுதாகி வேலையை விட்டான். கிழமைக்கு மூன்று தரம் டயாலிசிஸ். அவன் போகும் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பயண முகவர் கடை. அதன் கண்ணாடியில்தான் அந்த விளம்பரத்தைக் கண்டிருக்கிறான்: சிசிலியைச் சுற்றி ஒரு பஸ் பயணம், காலையில் பழைய கோயில்களும் தேவாலயங்களும், மத்தியானமும் மாலையும் அந்தந்த ஊர்ச் சாப்பாடு, சமையல் வகுப்பும் உண்டு. அங்கேயும் டயாலிசிஸ் ஒழுங்கு செய்யலாம் என்று விசாரித்து வைத்திருந்தான். டாக்டர் விடவில்லை. இருதயம் பலமில்லையாம். ஒரு கிழமை ஒருவரோடும் கதைக்காமல் இருந்துவிட்டு, என் வீட்டுக்கு வந்தான்.

"நீ போ, அக்கா. அத்தானையும் கூட்டிக்கொண்டு போ. கோயிலையும் சிலையையும் அத்தான் பாக்கட்டும். நீ அந்தச் சூடை பாஸ்டாவைத் திண்டு பார். என்ரையிலை என்ன குறையெண்டு வந்து சொல்லு."

"எனக்கென்னடா தெரியும்?"

"உப்புக் கூடினா முதல் சொல்லுறது ஆர்? நீதானே. போ."

எனக்குப் பிரயாணம் என்றாலே பிடிக்காது. இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் பஸ்ஸில் இருந்தால் வயிற்றைப் பிரட்டும். ஆனாலும் அவன் கேட்டால் நான் இல்லை என்று சொன்னதில்லை. போனேன்.

கட்டானியாவில் இறங்கித் தெற்காலே சுற்றி, கடைசியில் பாலெர்மோவில் முடிகிற பயணம். பஸ் நிறைய ஓய்வூதியக்காரர். நாங்கள் இரண்டு பேர்தான் கறுப்பு. வழிகாட்டி அந்தத் தீவிலேயே பிறந்து மியூனிக்கில் படித்த பெண், நல்ல பிள்ளை. முதல் நாளே அவளிடம் போய், சார்டீன் பாஸ்டா எந்த ஊரில் என்று கேட்டேன். அது பாலெர்மோச் சாப்பாடு, பாலெர்மோவுக்கு வெளியே ஒரு தோட்டத்து வீட்டில் சமையல் வகுப்பே அதுதான் என்றாள். நான் போனை எடுத்துத் தம்பியிடம் சொன்னேன். "அப்ப அதுவரைக்கும் வயித்தைக் கெடுத்துப்போடாதை" என்றான்.

ஒவ்வொரு பின்னேரமும் அவனோடு கதைப்பேன். சுகம் விசாரிக்கவே விட மாட்டான். போனை எடுத்த உடனே, "இண்டைக்கு என்ன சாப்பிட்டனீ?" என்றுதான் தொடங்குவான். அரிசி உருண்டைக்குள் இறைச்சி வைத்துப் பொரித்ததைச் சொன்னேன். "ரோல்ஸ் மாதிரியோ?" என்று நான் கேட்க, "ரோல்ஸாம்! வாயைக் கழுவு" என்று பேசினான். கத்தரிக்காயைப் பொரித்து வினாகிரியும் சீனியும் விட்டதைச் சொன்னேன். எண்ணெய் மேலே நின்றதா, ஊறியிருந்ததா என்று கேட்டான். ஒருநாள் மத்தியானம் மீன் என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான்.

"என்ன மீன்?"

"மீன்தான். வெள்ளை மீன்."

"மீனெண்டு சொல்லாதை. மீனுக்குப் பேர் இருக்கு. ஒரு மனிசன் செத்துப்போய் உன்ரை கோப்பையிலை கிடக்கேக்கை பேர் கேக்கமாட்டியோ?"

சிராக்கூஸில் அந்த ரெஸ்டோரண்டுக்குத் திரும்பிப் போய்க் கேட்டு வந்தேன். வாள்மீன். அவன் திருப்தியாகி, மருந்துக்கு நேரமாகிறது என்று போனை வைத்தான். என் கணவர் சிரித்தார். "உம்மடை தம்பி பஸ்ஸிலை ஏறாமலே தீவைச் சுத்துறான்" என்றார்.

அக்ரிஜென்டோவில் பெரிய பெரிய தூண்களோடு பழங்காலக் கோயில்கள் ஒரு மேட்டில் நிற்கின்றன. அன்று முழுக்க அங்கே நடந்து கால் வீங்கிப்போனேன். ஹோட்டலுக்கு வந்து தம்பிக்கு எடுத்தேன். அவனுடைய மனைவி எடுத்தாள்.

"அவர் நித்திரை, மச்சாள். டயாலிசிஸ் செய்த களை."

"சரி, எழுப்ப வேண்டாம். நாளைக்குத்தான் சூடை எண்டு சொல்லுங்கோ."

"ஓம், ஓம். சொல்லுறன். சாப்பிட்டியளோ?"

சாப்பிட்டேன் என்று சொன்னேன். அங்கே மழையா என்று கேட்டேன். மழைதானாம். சாப்பிட்டீர்களா என்று மறுபடியும் கேட்டாள். வைக்கப் போகும்போதும், "வடிவாச் சாப்பிடுங்கோ, மச்சாள். சாப்பிட்டனீங்கள்தானே?" என்றாள். மூன்றாந்தரம். பயண நாட்களில் இன்று என்ன கிழமை என்றுகூட எனக்கு நினைவில்லாமல் இருந்தது. அன்று டயாலிசிஸ் நாள் இல்லை என்பதும் மண்டையில் ஏறவில்லை. எத்தனை பேருடைய போனில் நான் இந்தக் கேள்வியின் கணக்கைக் கண்டுபிடித்தவள்! எனக்கு வந்தபோது தெரியவில்லை.

அவன் அன்று மத்தியானம் வீட்டில் விழுந்து, தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தான். கொஞ்ச நேரத்தில் என் கணவருடைய போன் அடித்தது. வேலையிடத்துக் கதை என்று பால்கனிக்குப் போனார். திரும்பி வந்து, என்னுடைய வீங்கிய காலைத் தன் மடியில் வைத்து அமத்திவிட்டார். சிசிலிக் காற்று இந்த மனிசனுக்கும் பிடித்துவிட்டதாக்கும் என்று நான் நினைத்தேன். வாய்விட்டும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் பஸ் வடக்கே ஏறியது. வழியெல்லாம் அவர் எனக்கு ஏதோ ஒன்றைத் தின்னத் தந்துகொண்டே வந்தார். தோடம்பழம் உரித்துத் தந்தார். பாதாம் பிஸ்கட் வாங்கி வந்தார். எதிர்ச் சீட்டில் இருந்த அந்த ஆசிரியை எங்களைப் பார்த்துப் புன்னகைத்தாள், புதுத் தம்பதிகளைப் பார்க்கிறமாதிரி. எனக்குக் கூச்சமாகவும் இருந்தது, கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

தோட்டத்து வீட்டுக்காரி என் வயதுக்காரி. இடுப்பில் ஏப்ரனோடு வந்து, சமையலறைக்குக் கூட்டிப்போகாமல் எங்களை ரோட்டோரச் சரிவுக்குக் கூட்டிப்போனாள். அங்கே யாரும் நடாமல், யாரும் தண்ணீர் விடாமல், பச்சைப் பசேலென்று ஒரு செடி படர்ந்து நின்றது. நூல் நூலான இலை. ஒரு கொத்தைக் கிள்ளிக் கையில் கசக்கி என் மூக்கடியில் பிடித்தாள். பெருஞ்சீரகம். ஆனால் நாங்கள் கறித்தூளுக்கு வறுக்கிற பெருஞ்சீரகத்தின் வாசம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. மூக்கால் ஏறி நெற்றிக்குள் போனது.

வழிகாட்டியைக் கூப்பிட்டேன். இது ஜெர்மனியில் கிடைக்குமா என்று கேட்கச் சொன்னேன். வீட்டுக்காரி கையை விசிறினாள். ஜெர்மனியில் கடைகளில் இருப்பது வெங்காயம்போலக் குண்டாக இருக்கிற தோட்டத்துப் பெருஞ்சீரகம். அது வேறு, இது காட்டுச் செடி, இந்த மண்ணில் தானாக முளைக்கிறது என்றாள். "அப்படியென்றால், கை தேர்ந்த ஒருவர் அந்தக் குண்டுப் பெருஞ்சீரகத்தைப் போட்டு ஒரு பிழையும் விடாமல் சமைத்தால்?" என்று கேட்கச் சொன்னேன். அவள் யோசித்தாள். தலையை மெதுவாக ஆட்டினாள்.

"நல்லாயிருக்கும். ஆனால் எங்கள் வீட்டு மாதிரி இருக்காது."

அந்த இடத்திலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது, சந்தோஷத்தில். இத்தனை வருஷமாக ஒரு மனிதன் தன் கையில் பிழை என்று நினைத்துக்கொண்டு உப்பையும் மீனையும் மாற்றிக்கொண்டிருந்தானே. பிழை செடியில். செடியில்கூட இல்லை, அது இல்லாத ஊரில். அவனுடைய கையில் ஒரு குற்றமும் இல்லை. முதலாளிக்கே இது தெரியாமல் போயிற்று; சின்ன வயதில் ஊரைவிட்டு வந்த மனிதர், தாய் எதைப் பிடுங்கி வந்து போட்டாள் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

சமைத்தோம். ஆளுக்கொரு கத்தி தந்தாள். நான் மீனைத் துப்புரவாக்கிய வேகத்தைப் பார்த்து மற்றவர்கள் கைதட்டினார்கள். சாப்பாடு மேசைக்கு வந்தது. முதல் வாய் வைத்தேன். தம்பி சமைத்ததேதான். அதே மீன், அதே பிளம்ஸ், அதே வறுத்த ரொட்டித் தூள். அந்த ஒரு வாசம் மட்டும் கூட. நான் கைப்பையைத் திறந்து போனை எடுத்தேன்.

என் கணவர் என் கையைப் பிடித்தார். "இப்ப வேண்டாம். டயாலிசிஸிலை இருப்பான்."

"ஒரு நிமிசம். இதைச் சொன்னா அவனுக்கு வருத்தமே மாறிப்போம்."

"முதல்லை நீர் சாப்பிடும். சாப்பிட்ட பிறகு சொல்லலாம்."

போனை வாங்கித் தன் சட்டைப் பைக்குள் வைத்தார். அவர் ஒருநாளும் அப்படிச் செய்கிறவர் அல்ல. ஆனால் நான் நல்ல மனநிலையில் இருந்தேன், சண்டை பிடிக்க மனம் வரவில்லை. இரண்டு தட்டுச் சாப்பிட்டேன். வீட்டுக்காரி எனக்கென்று அந்தச் செடியில் ஒரு கட்டுப் பிடுங்கி, ஈரப் பேப்பரில் சுற்றித் தந்தாள். சாப்பிட்டு முடிந்தும் போன் வரவில்லை; சார்ஜ் இல்லை என்றார். பின்னேரம் கேட்டபோது, தம்பி நித்திரையாம், நாளைக்குக் கதைப்போம் என்றார். ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார். பிஸ்தா ஐஸ்கிரீம். அதையும் சாப்பிட்டேன். தம்பி அதற்குள் போய்விட்டான்.

இதை எழுதும்போது அந்த இரண்டாவது தட்டை நினைத்து எனக்கு வெட்கமாக இருக்கிறது. வெட்கப்பட ஒன்றுமில்லை என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கும் தெரியும். ஆனாலும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

காலைச் சாப்பாட்டு அறையில் என்ன நடந்தது என்று முதலே சொன்னேன். என் கணவர் டிக்கெட்டை மாற்றச் சொல்லி வழிகாட்டியிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தார். அவள் அதை நாங்கள் இனிப் பஸ்ஸில் வரப்போவதில்லை என்பதற்குக் காரணமாக ஆசிரியையிடம் சொல்லியிருந்தாள். எனக்குத் தெரியாது என்பது அவர்கள் இருவருக்கும் எப்படித் தோன்றும்? சொந்தத் தம்பி. அந்த ஆசிரியையில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அந்த இரண்டு நாளில் என்னிடம் உண்மை கதைத்த ஒரே மனிசி அவள்தான்.

நான் தட்டைக் கீழே போடவில்லை. இருந்த இடத்தில் வைத்தேன். அவருடைய மேசைக்குப் போய், "ஆர் சொல்லவேண்டாமெண்டது?" என்று கேட்டேன்.

அவர் வெண்ணெய்க் கத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான்தான்."

"அவன் உயிரோடை கிடக்கேக்கையே உங்களுக்குத் தெரியும்."

"ஓம்."

"நான் போன் எடுக்கேக்கை அவன் உயிரோடை இருந்தவன்."

"ஓம். பயப்பட ஒண்டுமில்லை எண்டுதான் டாக்டர் சொன்னவர். நீர் சாப்பிட்டாப் பிறகு..."

அதற்கு மேல் நான் சொன்னதை எழுத ஏலாது. அந்த அறையில் தமிழ் தெரிந்தவர்கள் இல்லாததால் என் மானம் தப்பியது. விமானத்தில் அவரோடு கதைக்கவில்லை. வீட்டுக்கு வந்தும் கதைக்கவில்லை. என் மகளோடும் இரண்டு நாள் கதைக்கவில்லை, அவளுக்கும் தெரிந்திருந்தது. தம்பியின் வீட்டுக் கதவைத் திறந்த மச்சாள், அழுது வீங்கிய முகத்தோடு என்னைக் கட்டிப்பிடித்து, வாய் தவறியோ பழக்கத்திலோ, "சாப்பிட்டியளோ?" என்று கேட்டாள். "இனி உந்தக் கேள்வியை என்னட்டைக் கேக்காதேங்கோ" என்றேன். புருஷனைப் பறிகொடுத்து நின்றவளிடம் நான் பேசிய முதல் வசனம் அதுதான்.

அவனை இறுதிச் சடங்கு நடத்துகிறவர்களின் குளிர் அறையில் பார்த்தேன். வேட்டி கட்டிவிட்டிருந்தார்கள். கையைத் தொட்டேன். எண்ணெய் தெறித்த பழைய தழும்புகள் அப்படியே இருந்தன. செடியின் கதையை அவனிடம் அங்கே சொல்ல நினைத்தேன். சுற்றிவர ஆட்கள். சொல்லாமலே வெளியே வந்தேன்.

எங்கள் ஆட்கள் செத்த வீட்டுக்குப் பிறகு எட்டுச்செலவு என்று ஒன்று செய்வார்கள். போனவர் விரும்பிச் சாப்பிட்டதையெல்லாம், மச்சம் மாமிசம் உட்பட, சமைத்து வாழையிலையில் படைத்து, கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே நிற்க வேண்டும். அவர் வந்து சாப்பிட்டுப் போகும் வரைக்கும் யாரும் உள்ளே போகக் கூடாது. இங்கே தகனத்துக்கு டெர்மின், அதாவது நாளும் நேரமும், கிடைக்கவே நாட்கள் போய்விடும். அதனால் எட்டை எட்டில் வைப்பதில்லை, எல்லாருக்கும் லீவான ஒரு சனிக்கிழமையில் வைப்பது. தம்பிக்கும் அப்படித்தான் வைத்தார்கள். ஆட்டிறைச்சிக் கறி, இறால் பொரியல், முட்டை, ஒரு போத்தல் பியர். மச்சாளின் சொந்தக்காரர் வந்து நின்று சமைத்தார்கள். நான் ஒரு அடுப்பை மட்டும் எனக்கென்று கேட்டேன்.

சிசிலியிலிருந்து கொண்டுவந்த கட்டை ஃப்ரீசரில் வைத்திருந்தேன். எடுத்து அவித்து, அந்தத் தண்ணீரிலேயே பாஸ்டாவை அவித்து, மீனைத் துப்புரவாக்கிப் போட்டேன். என் கை அவனுடைய கை அல்ல. ரொட்டித் தூளைக் கொஞ்சம் கருக்கிவிட்டேன். ஆனால் வாசம் வந்தது. அந்த நேரம் பார்த்து முதலாளி கறுப்புச் சட்டையோடு படியேறி வந்தார். வாசலில் சப்பாத்தைக் கழற்றக் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஒரு சப்பாத்தோடு சுவரில் சாய்ந்துகொண்டு கண்ணைத் துடைத்தார்.

இலையில் எல்லாம் வைத்தோம். பாஸ்டாவை நடுவில் வைத்தேன். விளக்கை ஏற்றி, கதவைச் சாத்தினோம். அந்த ஃபிளாட்டின் நடை ஒடுக்கம். ஆட்கள் குளிர்ச்சட்டைகளோடு சுவரை ஒட்டி வரிசையாக நின்றார்கள். என் கணவர் நடையின் மறு முனையில். நான் கதவுக்குப் பக்கத்தில். எனக்குப் பக்கத்தில் மச்சாள்.

அவள் என்னைப் பார்க்காமல், கதவைப் பார்த்துக்கொண்டு, மெல்லமாகச் சொன்னாள். "அத்தானை ஏசாதேங்கோ, மச்சாள். சொல்ல வேண்டாமெண்டது அவரில்லை. இவர்தான்."

"ஆர்?"

"இவர். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகேக்கை சொன்னவர். நாளைக்குத்தானே அக்காவுக்குச் சூடை, இப்ப சொன்னா அவள் எல்லாத்தையும் விட்டுட்டு ஓடி வந்திடுவாள், சாப்பிட்ட பிறகு சொல்லலாம் எண்டவர். அத்தானிட்டைச் சத்தியம் வாங்கச் சொன்னவர்."

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். இத்தனை நாள் நான் ஏசியதையெல்லாம் வாங்கிக்கொண்டு ஒரு சொல் சொல்லவில்லை அந்த மனிசன்.

"அடுத்த நாள் மத்தியானம் ஒக்சிசன் முகமூடியைக் கழட்டிப்போட்டுக் கேட்டவர், மச்சாள். அக்கா இண்டைக்கு என்ன சாப்பிட்டவ எண்டு. நான் என்னத்தைச் சொல்லுறது? மீனெண்டன்." சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். "என்ன மீன் எண்டு கேட்டவர். எனக்கு அந்த நேரம் உந்தப் பேர் வாயிலை வரேல்லை. அத்தானுக்கு அடிச்சுக் கேக்கிறன், பொறுங்கோ எண்டன். அதுக்குள்ளை நேர்ஸ் வந்து என்னை வெளியிலை நிக்கச் சொன்னவ. அவ்வளவுதான், மச்சாள். பிறகு அவர் கதைக்கேல்லை."

அந்த நேரம் என் போன் என் கணவருடைய சட்டைப் பைக்குள் கிடந்தது. நான் இரண்டாவது தட்டுக்குக் கை நீட்டிக்கொண்டிருந்திருப்பேன். பதில் என்னிடம் இருந்தது. அவன் கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறான். நடுவில் எங்களுடைய அன்பு மட்டும்தான் நின்றது, அவனுடைய அன்பும் சேர்த்து. யாரில் கோபிப்பது என்று எனக்கு அப்போதும் தெரியவில்லை, இன்றும் தெரியாது.

நான் சாத்தியிருந்த கதவில் நெற்றியை வைத்தேன். எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் நின்றார்கள். பார்க்கட்டும்.

"சூடை" என்றேன். "சூடை மீன், தம்பி. அவங்கடை ஊரிலை ஒரு காட்டுச் செடி முளைக்குது, அதுதான் இஞ்சை இல்லாதது. உன்ரை கையிலை ஒரு பிழையும் இல்லை. கேக்குதோ? ஒரு பிழையும் இல்லை."

உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மச்சாள் என் முதுகில் கை வைத்தாள். அவன் ஆறுதலாகச் சாப்பிடட்டும் என்று, நெடுநேரம் நாங்கள் கதவைத் திறக்கவில்லை.